கல் பதித்தால் ஓதம் நிற்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுப் பக்கத்தில், கல் டைல்ஸ் போட்டுவிட்டால் தரை ஈரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். மேலே சிந்தும் தண்ணீருக்கு அது பொருந்தலாம். மண்ணிலிருந்து ஏறி வரும் ஓதத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது. அதை நம்பி யாரும் தரை போட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தள அறையில் மணற்கல் பதித்தோம். பழைய கான்கிரீட் தளம். மண்ணின் ஈரத்தைத் தடுக்கும் பாலித்தீன் ஷீட் அடியில் விரிக்கவில்லை என்பது தெரியும். "கல்லைப் போட்டு மூடிட்டா ஈரம் எங்க வரப்போகுது" என்றார் வேலை செய்தவர், நாங்களும் தலையாட்டிவிட்டோம். சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. மழைக்காலம் போய்க் காற்று உலரத் தொடங்கியதும் கல்லின் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஈரத் துணியால் துடைத்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் பூத்திருந்தது. ஈரத் துணி போட்டதே தப்பு என்பது பிறகுதான் புரிந்தது. உப்பு அந்தத் தண்ணீரிலேயே கரைந்து கல்லுக்குள் திரும்பிப் போய்விடுகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளியிருக்க வேண்டும். ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மார்பிளையும் சுண்ணாம்புக்கல்லையும் ஆசிட் அரித்தே விடும்.

அடுத்து நாங்கள் செய்தது அதைவிடப் பெரிய தவறு. கல்லின் துளைகளை மூடும் பளபளப்பான சீலர் பூசினோம். ஈரம் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்த ஒரே வழியும் அடைபட்டது. மேலே வந்து பூக்க வேண்டிய உப்பு, கல்லின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்துளைகளுக்குள் படிகமாகி, கல்லை ஏடு ஏடாக உரித்தது. மூலையில் ஒரு கல்லைத் தட்டினால் பொள்ளென்று சத்தம். நெம்பி எடுத்தோம். அடிப்பக்கம் கறுத்து, தொட்டால் சில்லென்றிருந்தது. ஒட்டுக் கலவை விரலில் உதிர்ந்தது. மழை பெய்த மண்ணின் வாடை வந்தது. சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரடிப் பட்டைக்கு) மேலே பெயின்ட் கொப்புளித்திருந்தது. தரையில் வழி கிடைக்காத ஈரம் சுவரில் ஏறியிருக்கிறது!

கான்கிரீட் எவ்வளவு இறுகினாலும் நுண்துளைகள் உள்ள பொருள்தான். திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண்ணின் நீரை உப்போடு சேர்த்து இழுக்கும். கிரானைட்டிலும் திட்டுத்திட்டாகக் கருமை படரும். வெளிர் மார்பிளில் இரும்புச்சத்து இருந்தால் ஈரம் பட்டுத் துருவேறி மஞ்சள் கறையாகிவிடும். அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு.

கல் வாங்கப் போகும் முன் எவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. தளத்தைக் கூட்டி, 45 செ.மீ. சதுரமான கண்ணாடிபோன்ற பாலித்தீனை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் முத்துகள் கோத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ கல் போட வேண்டாம். கோடையில் பார்த்துவிட்டு நிம்மதியடைய முடியாது; மழைக்காலத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

புதுத் தளம் என்றால் வேலை சுலபம். திமிசு போட்ட மண்ணின் மேல் தூள் கலக்காத ஜல்லி, அதன் மேல் ஷீட் கிழியாதபடி மெல்லிய மணல், அதற்கு மேல் 250 அல்லது 300 மைக்ரான் பாலித்தீன். ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறியிருக்க வேண்டும், ஓரங்களை மேலே மடித்துச் சுவரின் ஈரத்தடுப்போடு (மண்ணின் ஈரம் மேலேறாமல் சுவருக்குள் வைக்கும் அடுக்கோடு) சேர்க்க வேண்டும். அதன்மேல் போடும் தளம் காயவும் பொறுமை வேண்டும்: நல்ல காற்றோட்டத்தில்கூட 5 செ.மீ. கனம் காய ஏறத்தாழ 50 நாள் ஆகும்.

பழைய கான்கிரீட் தளத்துக்கு மேலாகவே இரண்டு கோட் எபாக்சி (பிசின் வகை) ஈரத்தடுப்பு பூசி, கடைசிக் கோட் உலரும் முன் மணல் தூவிவிட்டால் டைல் ஒட்டுக்குப் பிடிமானம் கிடைக்கும். சுவரில் ஈரத்தடுப்பு இல்லாத சுண்ணாம்புக் கட்டடங்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தடுத்த ஈரமெல்லாம் சுவருக்குத்தான் போகும். அங்கே சுண்ணாம்புக் கலவையில் கல்லைப் பதித்து, இடுக்கையும் சுண்ணாம்பாலேயே பூசி, சீலரும் ரப்பர் விரிப்பும் போடாமல் தரையை மூச்சுவிட விடுவதே நல்லது.

நாங்கள் கல்லை முழுதும் பெயர்த்துவிட்டோம். நான்கில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்த வரியை அடுத்த இதழிலேயே திருத்தி, பாலித்தீன் சோதனையை ஒரு படத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி