பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

சேலம்
ஆடி வெள்ளி

கண்ணு,

போனை எடுத்தால் ‘ம்’ மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டார்கள். வெள்ளி விலை ஏறிப்போய் அப்பாவின் கொலுசுப் பட்டறையில் வேலை பாதியாகிவிட்டது. அதெல்லாம் இருக்கட்டும். இரவில் அதைப் போட்டுக்கொண்டு தூங்காதே.

எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது மாடியில் துணி எடுக்கப் போனேன். கொடியில் உன் துண்டுக்கு அடியில், நெஞ்சை இறுக்கித் தட்டையாக்குகிற அந்த உள்ளாடை காய்ந்துகொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன், சைக்கிள் டியூப் மாதிரி இறுகியது. இதைப் போட்டுக்கொண்டு என் பிள்ளை எப்படி மூச்சு விடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அதுதான் முதலில்.

மற்றதும் வந்தது. மனதில் வைத்துக்கொள்ளாமல் ஜங்ஷனில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், ‘நீ ஆம்பளையா மாறப் போறியா?’ என்று கேட்டேன். ‘இல்லம்மா, நான் பொண்ணுதான். ஆனா இந்த நெஞ்சு என்னோடது மாதிரி இல்ல’ என்றாய். வண்டி வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆறு மாதமாக ‘ம்’. நம் வகையறாவில் முதன்முதலாக எம்.டெக். முடித்தவள் நீ. அதற்காக, கேட்கத் தெரியாமல் கேட்ட அம்மாவிடம் இப்படியா இருப்பது?

அப்பாவிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அந்தம்மா ‘ஜெண்டர் டிஸ்ஃபோரியா’ என்று சொல்லி, பாலின மனவுளைச்சல் என்று தமிழில் எழுதியும் கொடுத்தார். முன்பு இதற்குக் ‘கோளாறு’ என்றே பெயர் இருந்ததாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013ல் தங்கள் கையேட்டில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்களாம். ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதில் நோய் கிடையாது, அதில் படுகிற வேதனைக்குத்தான் வைத்தியம் என்றார்.

‘அவள் பெண்தான் என்கிறாளே, அப்புறம் ஏன்?’ என்று கேட்டேன். பிறப்பில் குறித்த பாலினமும் தான் உணரும் பாலினமும் ஒத்துப்போகாதவர்களை வைத்து எழுதிய விளக்கம் அது, உங்கள் பெண் அதற்குள் வரலாம், வராமலும் போகலாம், வேதனை மட்டும் நிஜம் என்றார். நீர்க்கட்டியால் முகத்தில் முடி முளைக்கும் பெண்களும், மார்பு வளர்ந்துவிடும் பையன்களும், தாங்கள் பெண், ஆண் என்பதில் துளி சந்தேகம் இல்லாமலே உடம்போடு மல்லுக்கட்டுவார்களாம். எனக்கு நம் குகை ஏரியா அத்தை ஞாபகம் வந்துவிட்டது. விடியுமுன் எழுந்து, கிணற்றடியில் யாரும் பார்க்காமல் மோவாயை மழித்துக்கொள்வாளே. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். நீதான் சிரிக்காமல் அவளுக்குக் கண்ணாடி பிடித்தாய்.

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்தேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. தூங்கும்போதும் ஓடும்போதும் கூடவே கூடாது. கிரேப் பேண்டேஜ் சுற்றினால் மூச்சு விட விட இறுகும், விலா எலும்புக்கு ஆகாது. வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கழற்றிவிட வேண்டும். சரியான அளவில் வாங்கு. பணம் வேண்டுமானால் கேள்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல், சேர்ந்து வாழ நினைத்த இரண்டு பெண்களின் வழக்கில், தனக்கே இதெல்லாம் புரியவில்லை என்று ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டாராம். நீதிபதி அவர். நான் ஒருநாளும் ‘தெரியாது’ என்று சொன்னதில்லை கண்ணு. எல்லாம் தெரியும் என்றுதான் உனக்குச் சடங்கு வைத்தேன்.

வேண்டாம் என்று நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மண்டபம் பிடித்தோம், தெருமுனையில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ் வைத்தோம். மேடையில் தோளைக் குறுக்கி, மாலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். போட்டோக்காரர் கையை இறக்கச் சொன்னார். நீ இறக்கவில்லை. நான் முந்தானையால் மறைத்துக்கொண்டு உன் இடுப்பில் கிள்ளினேன். ஆல்பத்தின் முதல் படம் அதற்கு அடுத்த நொடியில் எடுத்தது. கண்ணில் தண்ணீர் நிற்பது இப்போதும் தெரிகிறது. ஆனந்தக் கண்ணீர் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

அந்த ஃபிளெக்ஸ் இரண்டு மாதம் அங்கேயே நின்றது. நீ பின்தெரு வழியாகச் சுற்றிப் பள்ளிக்கூடம் போனதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கழற்றச் சொல்லவில்லை. ஊர் பார்க்கட்டும் என்று எனக்குப் பெருமை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை கண்ணு நீ.

ஹாலில் மாட்டியிருந்த அந்தப் படத்தைப் போன வாரம் இறக்கிவிட்டேன். அப்பா கேட்டதற்குக் கரையான் என்று சொன்னேன். ஏற்காட்டு ஏரியில் எடுத்தோமே, பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு துடுப்பைப் பிடித்திருப்பாயே, அது இப்போது அங்கே இருக்கிறது. நீ சொல்கிறவரை அப்பாவிடம் எதுவும் சொல்ல மாட்டேன்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? புடவை எடுக்கவில்லை. பணம் அனுப்புகிறேன், உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள். வந்தால் ஏற்காட்டுக்குப் போகலாம், நீயும் நானும் மட்டும். பேச வேண்டும் என்றில்லை.

தட்டுவடை பார்சல் போட்டிருக்கிறேன், நமுத்துப் போவதற்குள் சாப்பிடு. ராத்திரி அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கு.

அம்மா