டூர் வெற்றிகளை மட்டும் எண்ணினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பெல்ஜிய ஜாம்பவான் எடி மெர்க்ஸுக்குப் பிறகு வந்த சிறந்த சைக்கிள் பந்தய வீரர்கள் பத்துப் பேரை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரிசைப்படுத்தியிருந்தீர்கள். இந்த விளையாட்டுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததில் மகிழ்ச்சி. ஆனால் பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் தொடரை யார் எத்தனை முறை வென்றார்கள் என்பதை மட்டும் பார்த்து அடுக்கியிருக்கிறீர்கள், அதனால் மிகேல் இந்துராய்ன் முதலிடத்தில் இருக்கிறார், கிறிஸ் ஃப்ரூமுக்குக் கீழே தடேய் போகச்சார், ஷான் கெல்லியின் பெயரையே காணோம்.

இந்துராய்ன் பெரிய வீரர்தான். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து டூர், நடுவில் இரண்டு முறை இத்தாலியின் மூன்று வாரத் தொடரான ஜிரோ டி இத்தாலியா, யார் மறுக்க முடியும்? ஆனால் அந்த ஐந்து டூர்களில் அவர் வென்ற பத்துக் கட்டங்களும் (ஒவ்வொரு நாள் பந்தயமும் ஒரு கட்டம்) தனியாளாக நேரத்தோடு போட்டிபோடும் டைம் ட்ரயல்கள். 1992இல் லக்சம்பர்க்கில் 65 கி.மீ. ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவரை மூன்று நிமிடம் முந்தினார். அப்படி ஒரு நாள் கிடைத்துவிட்டால் அப்புறம் மலைகளில் எதிராளியை விட்டுவிடாமல் கூடவே ஏறினால், மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி கைவிட்டுப் போகாது. இன்றைய டூரில் டைம் ட்ரயல் தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது, பாதை மாறினால் வெற்றி பெறும் ஆளும் மாறுவார், பிறகு எண்ணிக்கையை மட்டும் எப்படி அளவுகோலாக வைப்பது?

ஒருநாள் பந்தயங்களில் இன்று விட்டதை நாளை பிடிக்க வழியில்லை. மிலன்-சான் ரெமோ கிட்டத்தட்ட 300 கி.மீ., பாரிஸ்-ரூபேயில் கல் பாவிய பாதை கையையும் முதுகையும் உலுக்கி எடுக்கும். கெல்லி இவை இரண்டையும் இரண்டு முறை வென்றவர், மற்ற ஒருநாள் பந்தயங்களில் லீஜ்-பஸ்தோன்-லீஜ் இரண்டு, லொம்பார்டியா மூன்று, ஒரு வாரத் தொடரான பாரிஸ்-நீஸ் தொடர்ந்து ஏழு ஆண்டுகள், 1988இல் ஸ்பெயினின் மூன்று வாரத் தொடரான வுவெல்டாவும் அவருக்குத்தான். டூரை வெல்லவில்லை என்பதற்காக இவரை விட்டுவிடுவது அநியாயம்.

என் வரிசையில் முதலிடம் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோவுக்கா போகச்சாருக்கா என்பதுதான் போட்டி. 1980இல் லீஜ் பந்தயத்தில் பனி கொட்டியது, 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள், இனோ ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முன்னால் வந்து சேர்ந்தார். பாரிஸ்-ரூபே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே 1981இல் அதையும் வென்றார். போகச்சாரோ 2025 வரை நான்கு டூர், தொடர்ந்து ஐந்து லொம்பார்டியா, இரண்டு முறை உலகச் சாம்பியன். டூரை வென்றவர்களில் பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான ஃபிளாண்டர்ஸையும் வென்றவர்கள் லூயிஸோன் போபே, மெர்க்ஸ், போகச்சார் மூவர் மட்டுமே. நான் போகச்சாரைத்தான் முதலில் வைப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்துப் பேரில் ஒரு பெண்கூட இல்லை. அன்னமீக் வான் ஃப்ளூட்டன் 2022இல் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்று நாட்டுப் பெருந்தொடர்களையும் வென்று, முழங்கையில் எலும்பு முறிந்த நிலையில் ஆஸ்திரேலியாவில் உலகப் பட்டத்தையும் வென்றார். மரியானே வோஸ் சாலையில் மூன்று முறை உலகச் சாம்பியன், லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம், சேற்றில் ஓட்டும் சைக்ளோகிராஸில் எட்டு உலகப் பட்டங்கள். அடுத்த முறை பட்டியல் போடும்போது இவர்களைத் தனிப் பெட்டிச் செய்தியாகப் போடாமல் அதே வரிசையில் சேருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்