படத்தில் ஒருவர், பலூனில் ‘அவர்கள்’

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே ஆளை ஆணா பெண்ணா என்று காட்டாமல் குறிக்க ஆங்கிலத்தில் வரும் ‘தே’ (they) என்ற சொல்லை மொழிபெயர்ப்பு காமிக்ஸில் எப்படித் தருவது என்று சென்ற இதழில் நடந்த விவாதத்தைப் படித்தேன். ‘அவர்கள்’ என்றே போடலாம் என்கிறார்கள் சிலர். மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்து ‘அவன்’, ‘அவள்’ போட்டுவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

அண்மையில் படித்த ஒரு கதையில் கூரை மேல் ஒரே ஓர் உருவம் நிற்கிறது. பலூனில், அதாவது பேச்சை எழுதும் குமிழில், ‘அவர்கள் தப்பிவிட்டார்கள்’ என்று இருக்கிறது. இன்னோர் ஆள் எங்கே என்று முந்தைய கட்டங்களில் தேடினேன். ‘அவன்’ என்று போட்டிருந்தால் அதைவிட மோசம். முகமூடிக்குள் இருப்பது யார் என்று ஓவியர் கடைசிப் பக்கம் வரை காக்கும் ரகசியத்தை ஒரு விகுதி உடைத்துவிடும். தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லிக்கொள்ளாத பாத்திரம் என்றால், அந்த ஆளையே மாற்றிவிட்டதாக ஆகும்.

நம்மிடம் ‘அவர்’ இருக்கிறது. ‘ஒருவர்’ என்ற சொல் இருபாலுக்கும் பொது, அது பன்மை வினை கொண்டு முடியும் என்று தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. இதைப் புது நாகரிகம் என்று ஒதுக்குவது சரியல்ல. ஆங்கிலத்திலும் ஒரே ஆளை ‘தே’ என்று குறிக்கும் வழக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே உண்டு.

சரி, கூடப் படிக்கும் தோழரைப் பற்றிப் பேசும் சிறுவர்கள் ‘அவர் வந்தார்’ என்றா சொல்வார்கள்? இந்தக் கேள்வி நியாயமானது. அந்த இடத்தில் ‘அவர்’ ஒட்டாது. ஆனால் தமிழில் ‘நான் வந்தேன்’, ‘நீ வந்தாய்’ என்பதில் பால் தெரியாது. பலூன்களில் பெரும்பாலும் இவைதானே வருகின்றன! படர்க்கையிலும் ‘வரவில்லை’, ‘வரலாம்’, ‘வர வேண்டும்’, ‘வந்தாச்சு’ எதுவும் பால் காட்டுவதில்லை. ‘ஓடினதை நான் பார்த்தேன்’ என்றால் போதும், ஓடியது யார் என்பதைப் படம் காட்டிவிடும். தேவைப்பட்டால் பெயரைப் போடலாம். கதை சொல்லும் கட்டங்களில் மட்டும் ‘அவர்’ வரட்டும். இதற்கு உழைப்பு அதிகம்தான். ஆனால் படிக்கும்போது எங்கும் இடறாது.

ஒரு வேண்டுகோள். தொடராக வரும் கதைகளில் முதல் அத்தியாயத்திலேயே விகுதி முடிவாகிவிடுகிறது, அப்புறம் திருத்த வழியில்லை. மொழிபெயர்ப்பாளர் கையில் முதல் பாகத்தை மட்டும் தராமல், கிடைக்கும் பாகங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காமிக்ஸ் வாசகர்