கடிக்காத கட்டி

வெள்ளவத்தை

மச்சான்,

கடிதம் போடேல்லை எண்டு கோவிக்காதே. கோவிச்சாலும் நீ பதில் போடுற ஆள் இல்லை. இஞ்ச எல்லாரும் சுகம். மகள் ஏ.எல். எழுதி முடிச்சிட்டாள். அதுகள் கிடக்கட்டும்.

என்ர இடது முழங்கைக்குக் கீழ ஒரு கட்டி. முதல்ல நுளம்பு கடிச்ச மாதிரி ஒரு சிவப்பு. பிறகு கடலைப்பருப்பளவுக்குத் தடிச்சு, நடுவில பொருக்கு வைச்சிட்டுது. கடியும் இல்லை, நோவும் இல்லை. சும்மா இருக்கிற கட்டியை ஆர் மதிக்கினம்? மனிசி சூடு எண்டாள். மாமி கிரந்தி எண்டு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசினா. சின்னவன் வாட்ஸப்பில படத்தைப் பாத்திட்டு, "மச்சான் வயசுக்கு வந்திட்டாய்" எண்டு பகிடி விட்டான். பக்கத்து டிஸ்பென்சரியில கையைத் தொட்டும் பாக்காமல் ஒரு ஸ்டீரொயிட் கிறீம் எழுதித் தந்தினம். சிவப்பு அடங்கிச்சுது, கட்டி அசையேல்லை.

கடைசியாப் பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக். டொக்டர் பிள்ளை கட்டியைப் பாக்க முன்னம் கேட்டது: "அங்கிள், இந்த ஒரு வருசத்தில எங்கெங்க தங்கினீங்கள்?" அனுராதபுரத்துப் பதவியாப் பக்கம் சைட் வேலை, பின்னேரத்தில சேட்டைக் கழட்டிப்போட்டு முத்தத்தில இருக்கிறது, எல்லாம் சொன்னன். "அப்ப மணல் ஈயாத்தான் இருக்கும்" எண்டுது. வெள்ளவத்தையில ஒருத்தரும் என்னட்டக் கேக்காத கேள்வி மச்சான் அது.

நோயின்ர பேர் லீஷ்மேனியாசிஸ், மணல் ஈ கடிச்சுத் தொத்துற கிருமி. சொல்லேக்கயே நாக்குச் சுளுக்குது. அந்த ஈ மூண்டு மில்லிமீற்றர்கூட வராது, சத்தமும் போடாது. கடிச்சுக் கிழமைகள், சிலநேரம் மாசங்கள் போய்த்தான் கட்டி தலை காட்டும். இந்தியாவில காலா அசார் எண்டு ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய் ஆளைக் கொல்லுற அதே கிருமி, எங்கட இலங்கையில பெரும்பாலும் தோலோட நிக்குது. இஞ்சயே தொத்தின முதல் ஆளைப் பற்றி 1992இல எழுதியிருக்கினம். 2008இல இருந்து டொக்டர்மார் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய்.

கட்டியின்ர ஓரத்தை பிளேட்டால மெல்லிசாக் கீறி, சுரண்டினதைக் கண்ணாடித் துண்டில பூசி, கீம்சாச் சாயம் போட்டுப் பாத்தினம். என்னையும் எட்டிப் பாக்க விட்டினம். ஊதாப் பொட்டுகள், அதுகள்தான் கிருமி, ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு பெரிய புள்ளியும் பக்கத்தில ஒரு சின்னக் கோடும். இப்ப கிழமைக்கொருக்காக் கட்டிக்குள்ளயே ஊசி. இவ்வளவு நாளும் நோகாததுக்கு வட்டியும் முதலுமா வாங்குறன்.

றால் திண்டு வந்ததெண்டு நீ அனுப்பின தடிப்புப் படத்தையும் காட்டினன். தடிப்பைச் சுத்திப் பேனையால கோடு போடட்டாம். 24 மணித்தியாலத்துக்குள்ள அது மறைஞ்சு வேற இடத்தில கிளம்பினால் சாதாரணத் தடிப்பு. அதிலயே நிண்டு, கண்டின மாதிரி நிறம் விட்டால் தோலில ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்கவேணும். அதுமட்டும் பாவம் அந்த றாலைக் குற்றம் சொல்லாதே. ரவியின்ர கலியாணத்திலயும் அதைத்தான் சொன்னனீ.

பகிடி விடேல்லை இனி. உன்ர தம்பியின்ர முதுகில வெளிறின தேமல் ஒண்டு இருக்கெண்டு போனமுறை சொன்னியெல்லே? அவனைக் கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சால தடவிப் பார். தொடுறது தெரியேல்லையெண்டால் கிறீம் ஒண்டும் பூசவிடாதே, அடுத்த நாளே தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ. தொழுநோயும் அப்பிடித்தான் தொடங்கும். மருந்து இலவசம், ஆறு மாசம் இல்லாட்டி ஒரு வருசம் குடிச்சால் மாறும். விட்டால்தான் கை கால் நரம்பைத் தின்னும். பாத்திட்டு உடன எனக்கு எழுது. இந்தமுறையாவது.

உன்ர,
குட்டி