பேய்ப்படம் எடுக்கும் மாணவர்களுக்கு அனுமதிச் சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

1690-இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து வாங்கிய புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ள தேவனாம்பட்டினத்தில், அண்மையில் இரவில் பேய்ப்படம் எடுத்த கல்லூரி மாணவர்களை, தொலைவில் வெள்ளைச் சேலையைக் கண்டு பதறியவர்கள் அழைத்த காவலர்கள் விரட்டிவிட்டனர். கடற்காற்றில் மைக் இரையாமலிருக்கக் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் பூசிய மாவு வியர்வையில் வழிய, அவர்கள் பாடுபட்டதை நேரில் கண்டேன் (படம் பயமுறுத்துமா என்பது வேறு விஷயம்). யாரிடம் அனுமதி கேட்பதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கல்லூரியின் கடிதத்தைப் பெற்று, இடமும் நேரமும் குறித்த சீட்டைக் கட்டணமின்றி வழங்கி, அதன் நகலைக் காவல் நிலையத்துக்கும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் மாவட்ட நிர்வாகம் அனுப்ப வேண்டும். மாணவர்களும், மாலை வெளிச்சத்திலேயே எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) குறைத்து இரவுபோல் எடுக்கும் பழைய முறையைக் கையாளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.