அந்த ரப்பர் சவ்வைத் தனியாக விற்பனைக்குக் கொடுங்கள்

என் காரைத் தயாரித்த நிறுவனத்தின் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் புகாரும் நான் அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. எனவே முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. போன வாரம் உங்கள் சர்வீஸ் சென்டரில் என் ஜாப் கார்டில் எழுதிய ஒரு வரிதான் என்னை இங்கே எழுத வைத்தது: "வெளிப்பாகம் பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சினுக்கு வாரண்டி இல்லை."

வெளிப்பாகம் என்றால் உங்கள் நிறுவனத்துடையது அல்லாமல் வெளியே வாங்கிய பாகம். அதை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை.

எஞ்சினுக்குள் கசியும் வாயுவைத் திரும்ப எரிக்க அனுப்பும் பிசிவி வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது விசில் சத்தம் வரும், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். எங்கள் தெரு மெக்கானிக் அதை வைத்தே கோளாறைச் சொல்லிவிட்டார். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்! அது தனியாகக் கிடையாது, அது பதிந்திருக்கும் எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரையே மாற்ற வேண்டும், 28,400 ரூபாய், ரப்பர் பாகம் என்பதால் வாரண்டியிலும் வராது என்றார்கள் உங்கள் ஆட்கள். அதற்கும் சம்மதித்தேன். ஆனால் கவர் கையிருப்பில் இல்லை.

19 நாட்கள் வண்டி உங்கள் கூரையின் கீழ் நின்றது. என் அப்பாவுக்கு அப்போதுதான் முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தது. பிசியோதெரபிக்குத் தினமும் ஆட்டோவில்தான் போனார். கால் மடங்காது. பக்கவாட்டில் நீட்டி, இரு கைகளாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாளும் என்னிடம் குறை சொல்லவில்லை. 20-ஆம் நாள் வண்டியை எடுத்துவந்து, 850 ரூபாய்க்கு வெளியே கிடைத்த சவ்வைப் போட்டேன்.

அது சரியாகப் பொருந்தவில்லை. நான்கு மாதத்தில் ஆயில் குறைந்தது, நீலப்புகை வந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நல்ல சவ்வை விற்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. நீங்கள் விற்காததால்தான் கிடைத்ததை வாங்கினேன். அதைத் தனியாக விற்றுவிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

பழைய எஞ்சின்களில் இந்த வால்வைக் கையாலேயே கழற்றி, காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். கடகடவென்று ஒலித்தால் நல்லது, ஒலிக்காவிட்டால் புதியது போடுவார்கள். அதைக் கவருக்குள் புதைத்தது உங்கள் வடிவமைப்பு. அதற்கு நாங்கள் ஏன் அபராதம் கட்ட வேண்டும்? பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயுவைத் தெருவில் விடாமல் மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பி எரிக்கத்தான் இந்த வால்வு இருக்கிறது. 1961-இல் கலிஃபோர்னியாவில் புதிய கார்களில் இது வரத் தொடங்கியதே காற்று மாசைக் குறைக்கத்தான். இது பழுதானால் ஊரே அந்தப் புகையைச் சுவாசிக்கிறது.

உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாததற்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. 2022-இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று திறந்த இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஒரு துண்டு ரப்பருக்காக வாடிக்கையாளர் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கார் விற்கும் அன்று பூங்கொத்து கொடுக்கிறீர்கள். எனக்கு அது வேண்டாம், பாகத்தைக் கொடுங்கள்.

கோபத்தில் ஏதேனும் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சவ்வுக்குத் தனிப் பாக எண்ணும் விலையும் கொடுத்து, கவுன்டரில் யார் கேட்டாலும் கிடைக்கச் செய்யுங்கள். என் ஜாப் கார்டில் உள்ள அந்த வரியையும் மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்