குழாயடி அண்ணனுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தவர்களுக்கும் வணக்கம்.

குழாயடிக்கு எதிரே இருந்த மதுக்கடையைக் காலி செய்துவிட்டார்கள். ஷட்டருக்கு மேலிருந்த பலகையும் போய்விட்டது. அதை மூடச் சொல்லிப் பந்தல் போட்டு உட்கார்ந்ததில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பந்தலில் இருந்தவர்களே நீங்கள்தான். நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மனு எழுதிக் கொடுத்த தமிழாசிரியருக்கு, பந்தல் போட்ட பையன்களுக்கு, பள்ளிவாசல் தெருவிலிருந்து வேளை தவறாமல் டீ அனுப்பிய வீடுகளுக்கு, கூலிக்கு இலை வாங்கிப்போன பெண்களிடம் கணக்கு கேட்காமல் தவணை கொடுத்த பீடி ஏஜெண்டுக்கு, காவலுக்கு வந்த இடத்தில் கிழவிகளைக் கைபிடித்து நிழலில் உட்காரவைத்த பெண் காவலர்களுக்கு, எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று வழிசொன்ன தாலுகா ஆபீஸ் அம்மாவுக்கு, மகளிர் குழுவில் இருக்கும் ஒவ்வொருத்திக்கும் நன்றி. உங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுதலாம். ஆனால் இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் நிறைய எழுதப்போகிறேன்.

பேரணாம்பட்டுப் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர்ப் பாடு தெரியும். போர் போட்டால் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தோல் கம்பெனிக் கழிவு நம் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய கதை வேலூரிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போனது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு வந்தாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு இறங்கியதுதான். குடிக்க நமக்கிருப்பது மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர், அதுவும் டேங்க் அடியில் இருக்கும் அந்த ஒரு குழாயில். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. விட்ட நேரத்தில் பிடிக்காதவள் கேன் வாங்க வேண்டும். ஆயிரம் பீடி சுற்றிய கூலியில் பாதி முன்பே கடைக்குப் போயிருந்தால், கேனுக்குக் காசு ஏது? பிள்ளைகள் உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். நம் ஊரில் சாராயப் பிரச்சினை வேறு, தண்ணீர்ப் பிரச்சினை வேறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கடை இருந்ததும் அந்தக் குழாய்க்கு எதிரே. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பொம்பளைகள் இருட்டில் குடத்தோடு நிற்கும் குழாயடிக்கு அப்படி ஒரு மீட்டரும் குறிக்கவில்லை. நம் வட ஆற்காடு ஜில்லாவில் 1939-லேயே மதுவிலக்கு வந்தது என்று பந்தலில் ஒரு பாட்டி சொன்னபோது சின்னப் பெண்கள் நம்பவே இல்லை. வந்தது உண்மைதான். 1971-ல் கடைகள் திறந்ததும் உண்மை.

சரி, அண்ணனைப் பற்றி. பெயர் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரியும். தோல் கம்பெனியில் டிரம் வேலை செய்தவர், இப்போது தனியாக இருக்கிறார். குடிப்பவர். கடை போனால் முதலில் கஷ்டப்படப்போவது அவர்தான் என்று ஊரே பேசியது.

நாம் உட்கார்ந்த முதல் நாளே குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். பாதிப் பேர் எழுந்துவிட்டோம். எழுந்தால் பந்தல் காலி, உட்கார்ந்தால் வீட்டில் குடம் காலி. அப்போதுதான் அவர் எதிரே வந்து நின்று சொன்னார்: "நீங்க குந்துங்கம்மா. தண்ணிய நான் பாத்துக்கறேன்."

வரிசைக்கு வைத்திருந்த செங்கல், பிய்ந்த செருப்பு, எதையும் அவர் இடம் மாற்றவில்லை. எந்தக் குடம் யாருடையது என்று ஒருவரையும் கேட்கவில்லை. கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியது யாருடையது, அடி நசுங்கியது யாருடையது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் கழுவித்தான் பிடித்தார். காலையில் அவருக்குக் கை நடுங்கும். நிறைகுடமாகத் தூக்கினால் சிந்தும். அதனால் அரைக்குடம் அரைக்குடமாகப் பிடித்து, ஒரு வீட்டுக்கு இரண்டு நடை நடந்தார். திண்ணையில் இறக்கி, வாய்க்குத் துணி கட்டிவிட்டு, அடுத்த குடத்துக்குத் திரும்பினார். பந்தல் பிரிக்கும்வரை தண்ணீர் வந்த போதெல்லாம் இதுதான்.

கடைசிக் குடத்தை இறக்கிய பிறகு பஸ் ஏறிப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போவார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், மறைக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. நடுவில் ஒருநாள் மோர் கொடுத்தபோது நான் கேட்டேன், "ஏண்ணா, உனக்கு எதிராத்தானே உட்கார்ந்திருக்கோம்?" என்று. "எனக்கு எதிராவா? எனக்காகத்தானம்மா குந்திருக்கீங்க" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை.

கடை மூடியதும் குடியை அன்றைக்கே விட்டுவிடப் போகிறேன் என்றார். நர்ஸம்மாதான் தடுத்தார். வருஷக்கணக்கில் தினம் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அதன்பின் நினைவு தடுமாறிப் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகும், மருத்துவர் பார்வையில் மருந்தும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் போட்டுத்தான் விட வேண்டும் என்று விளக்கினார். இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? அறையில் பூட்டிவைத்தால் சரியாகிவிடும் என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். போதைப் பழக்கத்தை விட உதவும் 14446 என்ற அரசு எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள், காசு கிடையாது. நர்ஸம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 1957-லிருந்து இருக்கும் இடம். சேர்ப்பவரோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குவது அங்கே வழக்கம். இதைக் கேட்டதும் அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு யார் வந்து இருப்பாங்க?" என்றார்.

நாங்கள் இருப்போம். எத்தனை வாரம் ஆனாலும், நடுவில் அவர் மறுபடி குடித்துவிட்டாலும், மறுபடி கூட்டிக்கொண்டு போவோம். மேஸ்திரி தம்பியும் என் வீட்டுக்காரரும் முதல் இரண்டு முறைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தானாகக் கேட்டுக் கொடுத்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த முறைக்கு இன்னும் ஆட்கள் வேண்டும், ஆண்களாக இருந்தால் நல்லது. தங்க முடியாதவர்கள் பஸ் செலவுக்கோ சாப்பாட்டுக்கோ உதவலாம். குழுப் புத்தகத்தில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டேங்க் அடியில் இருப்பேன், வந்து பெயர் கொடுங்கள்.

நன்றியுடன்,
மகளிர் குழுவிலிருந்து உங்கள் சகோதரி